கார் ஓட்டுகிறவளுக்குக் கச்சான்

ஹைவேயில் வீட்டுக்குத் திரும்பும்போது நான் அவளுடைய முகத்தைப் பார்ப்பதில்லை. வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கச்சான் கடலைக் கோதை உடைத்து உள்ளிருக்கும் பருப்பை எடுத்து நீட்டினால், அந்தக் கை ஸ்டியரிங்கை விட்டு என் பக்கம் வர வேண்டும். வந்தால் விழித்திருக்கிறாள். வராவிட்டால் நான் இருமுவேன், அல்லது ஜன்னலைத் திறப்பேன், அல்லது எதையாவது கீழே போட்டுவிட்டு "ஸொறி" என்று சத்தமாகச் சொல்வேன். "நீ நித்திரையாகிவிட்டாய்" என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் சீனப் பெண். என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். கேட்டதில்லை. மிசிசாகாவில் விமான நிலையத்துக்குக் கிட்ட, விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டைத் தட்டுகளில் அடுக்கும் இடத்தில் எங்கள் இருவருக்கும் வேலை. நான் இருப்பது மோர்னிங்சைட்டில். அவள் எனக்குச் சற்று வடக்கே, ஒரு சீனக் குடும்பத்தின் பேஸ்மென்ற்றில் தனியாக இருக்கிறாள். நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரையைத் தாண்டிப் போகிற வேலை. பஸ்ஸில் போனால் மாறி மாறி ஏறி, விடிய முன்னமே வீட்டை விட்டு இறங்க வேண்டும். என் கணவருக்கு வேலை வேறு திசையில், எனக்குக் கார் ஓடத் தெரியாது. லைசன்ஸுக்கான ரோட் ரெஸ்ற்றில் பக்கத்தில் இருந்த சோதனைக்காரர் பேனையைக் கையில் எடுத்ததும் என் கால் நடுங்கத் தொடங்கியது. அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டேன். ஆகவே அவள் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு போவது எனக்குச் சின்ன உதவி இல்லை. வேலையையே அவள்தான் பிடித்து வைத்திருந்தாள் என்று சொல்லலாம்.

எங்களுக்கிடையில் பேச்சு ஆங்கிலத்தில்தான். இரண்டு பேரும் உடைத்துப் பேசுகிற ஆங்கிலம். அவள் சொன்னவற்றை இங்கே எழுதும்போது கொஞ்சம் செம்மையாகத்தான் வருகிறது. காரில் பெரும்பாலும் பேச்சே இருக்காது. நான் யாரோடும் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவளுக்கும் அது வசதியாக இருந்தது.

ஓடும்போது அவள் கண் அயர்வதை முதல் தடவை நான் கண்டது இலையுதிர்காலத்தில் ஒரு பின்னேரம். கார் நெரிசல் கொஞ்சம் குறைந்து ஓடத் தொடங்கியிருந்தது. எங்கள் கார் மெல்ல மெல்ல வெள்ளைக் கோட்டைத் தாண்டி அடுத்த லேனுக்குள் போய்க்கொண்டிருந்தது. லேன் மாறுகிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் வந்த ட்ரக் ஹோர்ன் அடித்தது. அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் புகுந்து முதுகால் வெளியே போனது. அவள் திடுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.

"சண். கண்ணுக்குள் அடிக்குது" என்றாள்.

நாங்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். பின்னேர வெயில் பின்கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் மேற்கே போகும்போதும் வெயில் எங்கள் முதுகில்தான்.

"ஓம், சண்" என்றேன் நானும்.

அடுத்த நாள் தமிழ்க் கடையில் கோதுடன் வறுத்த கச்சான் வாங்கினேன். வாய் அசைந்தால் கண் மூடாது என்பது என் எண்ணம். மடியில் ஒரு பேப்பர் பையை விரித்துவைத்து உடைத்துக் கொடுத்தேன். அவள் முதலில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாங்கித் தின்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அப்படித்தான்.

வேலையிடத்தில் இதை யாரும் நோய் என்று நினைக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்களோடு வேலை செய்யும் சீனப் பெண்கள் மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் மேசையில் கையை மடித்து, அதில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் நித்திரை கொள்வார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலேயே பழகுவதாம். ஜாக்கெற்றைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு வரிசையாக அவர்கள் படுத்திருக்க, நாங்கள் இந்தப் பக்கம் சத்தம் குறைத்துக் கதைப்போம். அந்த வரிசையில் இவளும் ஒருத்தி, அவ்வளவுதான். ஆனால் மற்றவர்கள் மணி அடிக்க முன்னமே தாங்களாக எழும்பி முகம் கழுவிவிடுவார்கள். இவளை உலுக்கித்தான் எழுப்ப வேண்டும். சில நாள் சாப்பிட்டு முடிப்பதே இல்லை. சூப்புக் கிண்ணம் பாதியில் இருக்கும், சாப்பிடும் குச்சி விரலுக்கிடையில் இருக்கும், தலை சரிந்திருக்கும். குறட்டை வந்துகொண்டிருக்கும், திடீரென்று நின்றுவிடும். பிறகு ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் என் கை சோற்றில் அப்படியே நிற்கும். கடைசியில், தண்ணீருக்குள் அமுக்கி வைத்திருந்தவளை விட்டதுபோல, பெரிதாக மூச்சை இழுப்பாள். அதன் பிறகுதான் எனக்கும் சோறு இறங்கும்.

லைனில் எனக்குப் பக்கத்தில் நின்று தட்டுகளுக்குப் பண் ரொட்டி வைப்பது ஒரு மன்னார்ப் பிள்ளை. வாய்க்காரி.

"அக்கா, உங்கடை ட்ரைவர் இப்பவே பற்றறி சார்ஜ் ஏத்துறா. பின்னேரம் காரில பறக்கப்போறியள்."

"சும்மா இரும் பிள்ளை."

"பகிடி இல்லையக்கா, கவனம். பிளேன் சாப்பாடு அடுக்கிற நாங்கள் பிளேனில ஏறாமலே மேலை போயிடக்கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று பின்னேரம் பையில் வழக்கத்தைவிடக் கூடக் கச்சான் போட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். குளிர் அறை வேலைக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. கையுறைக்குள்ளேயே விரல் விறைத்துவிடும். இவள் தானாகக் கேட்டுப் போவாள். நல்ல மனம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். உள்ளே நின்றால் கண் மூடாது என்பதற்காகப் போகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. காரின் பின்சீற்றுப் பையில் ஒரு சிவப்பு விசிறி செருகியிருக்கும், விரித்தால் ஒரு முழ அகலம் வரும், ஓரத்தில் பட்டுக் குஞ்சம். ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில், கடைகள் திறக்க முன்னர், மோலின் நடுவில் சீனப் பெண்கள் கூடி விசிறியோடு ஆடுவார்களாம். இவள் முன்வரிசையாம்.

"இப்ப போறதில்லையா?"

"வேலை" என்றாள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வேலை இல்லை. நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

அவளுடைய குடும்ப டொக்டர்தான் கடைசியில் பிடித்தார். பிரசர் மருந்தைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் இறங்கவில்லை. நித்திரைச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு கிளினிக்கில் உடம்பெல்லாம் வயர் ஒட்டி ஓர் இரவு படுக்க வைத்தார்களாம். முடிவு சொல்வதற்கு ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வரச் சொல்லியிருந்தார்கள்.

"கூட ஒரு ஆள் வர வேண்டுமாம்" என்று காரில் சொன்னாள். "என்னைத் தினமும் பார்க்கிற ஆள். வீட்டு ஆள். எனக்கு வீட்டு ஆள் இல்லை. நீ வா."

அவளுடைய கணவர் தாயைப் பார்க்கச் சீனாவுக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். மகன் வான்கூவரில். நான் தலையாட்டினேன்.

ஹைவேயால் இறங்கிச் சிவப்பு விளக்கில் நின்றபோது, முன்னாலேயே பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள்.

"கார் ஓடும்போது நித்திரை வருமா என்று கேட்பார்கள். நீ இல்லை என்று சொல்."

நான் கச்சான் கோதை உடைத்தபடி இருந்தேன்.

"லைசன்ஸ் போனால் எனக்கு வேலை இல்லை. உனக்கும் இல்லை."

அவள் மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். நான் பருப்பை நீட்டினேன். கை வந்தது. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள். விளக்கு பச்சையானது.

அன்று வீட்டில் சாப்பிடும்போது என் கணவருக்குத் தெரிந்துவிட்டது. நான் மறைத்தால் அவருக்கு முகத்தில் தெரியும்.

"என்னப்பா, சோத்தைப் பிசைஞ்சுகொண்டே இருக்கிறீர்? உம்மடை சீனாக்காரி வேலையை விட்டிட்டாளோ?"

"இல்லை. அவவுக்கு ஏதோ நித்திரை வருத்தமாம்."

"நித்திரை ஒரு வருத்தமே? அப்ப எனக்கும் இருக்கு. ரிவி போட்டவுடனே வருது."

"உங்களுக்கு எல்லாம் பகிடி. நித்திரையில மூச்சு நிண்டு நிண்டு வருதாம். ராவிலை ஒழுங்கான நித்திரை இல்லாமல் பகலில கண் சொருகுது."

அவர் குழம்புக் கரண்டியை வைத்தார்.

"பகலில எண்டால்? கார் ஓடேக்கையுமோ?"

நான் அவருடைய கோப்பையில் தண்ணீர் விட்டேன்.

"இஞ்சேரும். ஓடேக்கையுமோ எண்டு கேக்கிறன்."

"சில நேரம்."

"சில நேரமோ! நீர் உதிலை ஏறி ஹைவேயில போய் வாறீர், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை!" அவர் எழும்பிவிட்டார். "நாளையிலயிருந்து உந்தக் காரில ஏறாதையும்."

"நான் ஏறாட்டிலும் அவ ஓடுவாதானே. தனிய ஓடுவா."

எனக்கே அதைச் சொன்ன பிறகுதான் அது விளங்கியது. நான் இறங்கிவிட்டால் கச்சான் கொடுக்கவும் ஆள் இல்லை. கிளினிக்கில் அவள் என்னைச் சொல்லச் சொன்னதையும் அவருக்குச் சொன்னேன். கை கழுவிவிட்டு வந்து அவர், "உண்மையைச் சொல்லும். வேலையைப் பிறகு பாப்பம்" என்றார். சொல்வது அவருக்குச் சுலபம். கடையில் மீதிக் காசு பிழையாகத் தந்தாலே திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிறவள் நான்.

கிளினிக் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது. கீழே சீன பேக்கரி. படியெல்லாம் பண் வாசம். வெள்ளைச் சுவர் அறையில் ஓர் இளம்பெண் எங்களை இருத்தினாள். சீனப் பிள்ளை, இங்கே பிறந்தவளாக இருக்க வேண்டும். என்னோடு வேகமான ஆங்கிலம், அவளோடு மெதுவான சீனம். இரவுச் சோதனையின் முடிவு முன்னமே வந்திருந்தது. டொக்டரைப் பார்க்க முன்னர், நோயாளியின் வாழ்க்கைத் தரத்தைக் கேட்டு எழுத வேண்டும் என்றாள். அதற்கென்று ஒரு தாள். அவளுக்குச் சீனத்தில், பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஆங்கிலத்தில்.

நான் ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தவள். விரலை வைத்து மெல்ல வாசித்தேன். கடந்த சில வாரங்களில் இந்த விஷயங்கள் உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தன என்று கேட்டிருந்தது. பூச்சியம் என்றால் கஷ்டமே இல்லை. எண் கூடக் கூடக் கஷ்டமும் கூட. நித்திரை காரணமாக நெருங்கியவர்களோடு சண்டை வந்ததா? நண்பர்களோடு வெளியே போவது? விளையாட்டு, பொழுதுபோக்கு? மற்றவர் வீட்டில் இரவு தங்குவது? விடுமுறைப் பயணம்?

ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரே சொல்லைச் சொன்னாள். "மேயோ." லைனில் வெண்ணெய் முடிந்தால் சீனப் பெண்கள் சொல்லும் சொல் அது. இல்லை என்று அர்த்தம். இளம்பெண் பூச்சியத்தில் வட்டம் போட்டாள். மேயோ. வட்டம். மேயோ. வட்டம்.

அவள் பொய் சொல்லவில்லை. சண்டை பிடிக்க வீட்டில் ஆள் இல்லை. நண்பர்களோடு வெளியே போவதை விட்டுவிட்டாள். விசிறி பின்சீற்றில் கிடக்கிறது. யார் வீட்டிலும் தங்குவதில்லை. விடுமுறைக்கு எங்கேயும் போவதில்லை. செய்யாத வேலையில் என்ன கஷ்டம்? தாளின்படி, அந்த அறையில் இருந்தவர்களில் மிகவும் சுகமாக வாழ்கிறவள் அவள்தான்.

மத்தியானம் படுப்பீர்களா என்ற கேள்வி வந்தபோது மட்டும் ஓம் என்றாள். இளம்பெண் சிரித்துச் சீனத்தில் ஏதோ சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கள் வீட்டிலும் எல்லோரும் மத்தியானம் படுப்பார்கள். அதனால் இந்தக் கேள்வியை வைத்து நாங்கள் அவசரப்பட்டு ஒன்றும் சொல்வதில்லை" என்றாள். தாளைக் கீழே வைத்தாள். "ஆனால் எனக்கு ஒன்று பொருந்தவில்லை. இரவுச் சோதனையில் இவருக்கு மூச்சு மோசமாக நிற்கிறது. இந்தத் தாளில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் இவரோடு தினமும் வேலைக்குப் போகிறீர்கள். இவருடைய காரில்தானே?"

"ஓம்."

"காரில் எப்படி இருக்கிறார்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. "குட்" என்று ஒரு சொல்லைச் சொன்னால் போதும். அது என் நாக்கு நுனியில் இருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதைவிட லேசான சொல் கிடையாது.

நான் அதைச் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து கச்சான் பையை எடுத்து மேசையில் வைத்தேன்.

இளம்பெண் விளங்காமல் பார்த்தாள்.

"நான் உடைத்துக் கொடுப்பேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "காரில். கை வந்தால் விழிப்பு. கை வராவிட்டால் நான் இருமுவேன்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஒவ்வொரு நாளும்."

அவள் சுவரை விட்டுத் திரும்பி அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது கோபம் இல்லை. கடையில் எல்லோரும் பார்க்க, ஒருவருடைய பையைத் திறந்து கொட்டினால் அவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

"நான் உங்கள் பழக்கம் என்று நினைத்தேன்" என்றாள். "உங்கள் நாட்டில், கார் ஓடுகிற ஆளுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் சாப்பாடு கொடுப்பார்கள் என்று நினைத்தேன். மரியாதைக்கு."

நான் கைப்பையை மூடினேன்.

டொக்டர் நீண்ட நேரம் எடுக்கவில்லை. இரவில் மூக்கில் மாஸ்க் போட்டுக் காற்று அடிக்கும் மெஷினோடு படுக்க வேண்டும். அது சரியாக வேலை செய்கிறதென்று தான் பார்த்துச் சொல்லும்வரை கார் ஓடக்கூடாது. லைசன்ஸ் அலுவலகத்துக்கு எழுத வேண்டியது தன் கடமை. அவ்வளவுதான். இளம்பெண் அதைச் சீனத்தில் சொல்லச் சொல்ல, அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கீழே பிளாசாவில் அவளுடைய கார் நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பாராமல் போய்க் கதவைத் திறந்து ஓட்டுகிற சீற்றில் இருந்தாள். திறப்பைப் போட்டாள். எஞ்சின் உறுமியது.

ஜன்னலில் தட்டி ஏதாவது சொல்லலாம். ஓடக்கூடாது என்று டொக்டர் சொன்னாரே என்று சொல்லலாம். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? சொன்னதெல்லாம் நான்தானே. கால் தானாக மறுபக்கம் நடந்தது. கதவைத் திறந்து என் சீற்றில் ஏறி இருந்து பெல்ற்றை மாட்டினேன். கைப்பையை மடியில் வைத்தேன். கச்சான் மேசையிலேயே கிடந்தது.

"இறங்கு" என்றாள்.

நான் இறங்கவில்லை.

"இறங்கு. பஸ் இருக்கிறது."

"நீ ஓடினால் நானும் வருவேன்" என்றேன்.

அவளுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. முன்கண்ணாடிக்கு அப்பால் பேக்கரிக்காரன் வெறும் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கியரில் கை வைத்தாள். கை அங்கேயே இருந்தது. பக்கத்துக் கார்கள் வந்தன, போயின. பேக்கரிக்காரன் தட்டு அடுக்கி முடித்து உள்ளே போய்விட்டான்.

அவள் எஞ்சினை நிற்பாட்டினாள். திறப்பை உருவித் தன் கோட்டுப் பைக்குள் போட்டாள். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நித்திரையா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இருமிப் பார்க்கவும் அன்று துணிவில்லை.

என் கணவருக்கு போன் எடுத்தேன். வந்தார். வழக்கமாகப் பகிடி விடுகிற மனுசன் அன்று ஒன்றும் பேசவில்லை. தன் காரின் பின்கதவைத் திறந்து, "கம், கம்" என்று மட்டும் சொன்னார். அவளை அவளுடைய வீட்டில் இறக்கினோம். அவள் அவருக்கு நன்றி சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை.

அதன் பிறகு பஸ். விடிய முன்னமே, ஒரே பஸ்ஸில் நான் ஓரிடத்திலும் அவள் இன்னோரிடத்திலும் ஏறினோம். வெறும் சீற் என் பக்கத்தில் இருந்தாலும் அவள் முன்னால் போய் இருப்பாள். வேலையிடத்திலும் அப்படித்தான். தட்டுக்கு வெண்ணெய் முடிந்தால் என்னிடம் கேட்காமல், என்னைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்பாள். மன்னார்ப் பிள்ளைக்கு அது போதும்.

"என்னக்கா, ட்ரைவரோடை கோவமோ? கச்சானுக்கு விலை ஏறிட்டுதோ?"

"வேலையைப் பாரும்."

"பாக்கிறன், பாக்கிறன். ரெண்டு பேரும் குளிர் அறை மாதிரித்தான் இருக்கிறியள்."

பஸ்ஸில் அவள் நித்திரையாகிவிடுவாள். தலை ஜன்னலில் மோதி மோதி ஆடும். நாங்கள் மாற வேண்டிய தரிப்பிடம் வருவதற்குச் சற்று முன்னர் நான் எழும்புவேன். அவளைத் தாண்டிப் போகும்போது, என் காப்பு அவளுடைய சீற்றுக் கம்பியில் பட்டுக் கிணுக்கென்று சத்தம் போடும்படி பிடித்துக்கொண்டு நடப்பேன். திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் அவள் மூச்சை இழுத்துக்கொண்டு எழும்புவது கேட்கும். இரண்டு பேரும் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு ஆளுக்கொரு மூலையில் நிற்போம். என் வேலை இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்று ஒவ்வொரு விடியற்காலையும் நினைத்தேன். ஒருமுறை பனி கொட்டி பஸ் பிந்தியபோது சுப்பர்வைசர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு எச்சரித்தார். பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் கேட்டோம். அப்போதும் அவள் என்னைப் பார்க்கவில்லை.

மெஷின் அவளுக்குப் பிடிபட நாள் எடுத்தது போலிருக்கிறது. சில காலைகளில் மூக்கின் இரண்டு பக்கமும் மாஸ்க் அழுத்திய சிவப்புக் கோடு இருக்கும். சில காலைகளில் இருக்காது. கோடு இல்லாத நாள்களில் காப்பைக் கம்பியில் இன்னும் பலமாகப் படவைப்பேன். கேட்க முடியாது. பிறகு பிறகு கோடு ஒவ்வொரு நாளும் இருந்தது.

ஒருநாள் காலை வழக்கம்போல எழும்பி, காப்பைக் கம்பியில் படவைக்கக் கையைக் கொண்டுபோனேன். சீற்றில் அவள் இல்லை. முந்திய தரிப்பிடத்தில் நித்திரைக் கலக்கத்தில் இறங்கிவிட்டாளோ என்று குனிந்து வெளியே பார்த்தேன். நிமிர்ந்தபோது, அவள் ஏற்கெனவே கதவருகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் தெளிவாக இருந்தது. என் காப்புக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கியதும் சொன்னாள். "வியாழன். கிளினிக். நீ வா."

அதே அறை, அதே இளம்பெண், அதே தாள். இந்தத் தடவை அவள் தானே பேனையை வாங்கி எழுதினாள். நேரம் எடுத்தாள். மேயோ இல்லை. இடைக்கிடை மேலே பார்த்து யோசித்து, பூச்சியத்தை விட்டுத் தள்ளி வட்டம் போட்டாள். பொழுதுபோக்கு என்ற இடத்தில் நடு எண்ணில் போட்டாள். பிறகு எனக்கு விளக்கினாள். ஞாயிற்றுக்கிழமை மோலுக்குப் போனாளாம். அடிகள் மறந்துபோய்விட்டன, மூச்சு வாங்குகிறது, பின்வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள். அது அவளுக்குப் பெரிய அவமானம்.

நெருங்கியவர்களோடு சண்டை வந்ததா என்ற கேள்வியில் பேனை நின்றது. என்னைப் பார்த்தாள். பெரிய எண்ணில் அழுத்தி வட்டம் போட்டு, எனக்குத் தெரியும்படி தாளைத் திருப்பி வைத்தாள்.

இளம்பெண் தாளைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "மெஷின் நன்றாக வேலை செய்கிறது. மூச்சு நிற்பதே அரிதாகிவிட்டது. ஆனால் தாளின்படி முன்பிருந்ததைவிட வாழ்க்கை மோசமாகியிருக்கிறது" என்றாள். "சிலருக்கு இப்படி வருவதுண்டு. நான் குறிப்பு எழுதிவிடுகிறேன்." என்ன எழுதினாள் என்று தெரியாது. பெரிய பத்தியாக எழுதினாள்.

கார் ஓடலாம் என்று டொக்டர் சொன்னார். லைசன்ஸ் அலுவல் முடிய இன்னும் கொஞ்ச நாள் சென்றது. அது முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலை என் வீட்டு வாசலில் கார் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. என் கணவர் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார்.

"ஏறப்போறீரோ?"

"ஓம்."

"போனைக் கையில வைச்சிரும்" என்றார். பிறகு, "எனக்கு எடுக்கிறதுக்கில்லை. அவசரத்துக்கு" என்றார்.

காலைப் பயணம் ஒழுங்காக முடிந்தது. காலையில் எப்போதுமே அவ்வளவு பயமில்லை. பின்னேரம்தான். ஹைவேயில் ஏறி, நெரிசல் தளர்ந்து, வெயில் முதுகில் ஏறத் தொடங்கியதும் என் உடம்பு தானாக இறுகியது. அந்த ட்ரக் ஹோர்ன் அடித்த இடம் வந்தது. நான் கைப்பையைத் திறந்து கச்சான் பையை எடுத்து, ஒன்றை உடைத்து, பருப்பை நீட்டினேன்.

கை வரவில்லை.

நான் இருமினேன்.

"நான் விழித்திருக்கிறேன்" என்றாள். "எனக்குக் கச்சான் பிடிக்காது."

நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். கண் ரோட்டில் இருந்தது.

"ஒருநாளும் பிடித்ததில்லை. பல்லுக்குள் போகும். உன் பழக்கம் என்றுதான் தின்றேன்."

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பருப்பை என் வாயில் போட்டுக்கொண்டேன். பிறகு இன்னொன்றை உடைத்து அதையும் தின்றேன். வேறு வேலை இல்லையே. பின்சீற்றில் விசிறியின் குஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு ட்ரக் எங்களைத் தாண்டிப் போனது. அவள் தன் லேனிலேயே நின்றாள்.

மோர்னிங்சைட்டில் ஹைவேயால் இறங்கும்வரை அவளுடைய வலது கையை விட்டு என் கண் விலகவில்லை. அவளுக்கு அது தெரியும். ஒருமுறை விரல்களை ஸ்டியரிங்கிலிருந்து தூக்கி, எனக்கு ஆட்டிக் காட்டிவிட்டு, திரும்பப் பிடித்துக்கொண்டாள்.